துணை வேட்பாளரும் வாக்காளரும்



சரித்திர ஆசிரியனாக இருந்த காலத்தில் நான் கரும்பலகையில் எழுதிய வாசகங்கள் எத்தனையோ. அவற்றுள் பெரும்பாலானவற்றை நானும் மறந்தேன். என்னிடம் பயின்றவர்களும் மறந்திருப்பார்கள். ஆனால் 1988ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒன்பதாம் வகுப்பில் எழுதிய ஒரு வரி மட்டும் இன்றளவும் என் நினைவை விட்டு அகலவில்லை. 'டெக்சாஸ் மாநிலம் டுகாகிஸுக்கே' என்பது அவ்வரி. அது தவறாய்ப் போயிற்று. தவறிய விதத்தைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். ஏனெனில், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜனாதிபதி பதவிக்கு நிற்பவர் தமக்குத் துணையாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது வாக்காளர் மனத்தில் உண்மையில் என்ன நிகழ்கிறது என்பதை எனக்குக் கற்பித்தது அந்தத் தவறுதான்.

முதலில் அந்நாட்டு முறையைச் சற்றே விளக்கிவிடுகிறேன். அங்கே ஜனாதிபதிக்கு ஒரு வாக்கு, உபஜனாதிபதிக்கு ஒரு வாக்கு என்று மக்கள் தனித்தனியே அளிக்க இயலாது. வாக்குச் சீட்டில் இருவர் பெயரும் ஒன்றாகவே இருக்கும். ஏற்றுக்கொண்டால் இருவரையும் ஏற்க வேண்டும். தள்ளினால் இருவரையும் தள்ள வேண்டும். நம் நாட்டில் துணைக் குடியரசுத் தலைவரைப் பாராளுமன்ற உறுப்பினர்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். தலைவர் பதவி காலியானால் அவர் சில மாதங்கள் அப்பொறுப்பைக் கவனிப்பார். அதற்குள் புதிய தேர்தல் நடைபெற்றுவிடும். அமெரிக்காவிலோ ஜனாதிபதி இறந்தால் உபஜனாதிபதி அக்கணமே ஜனாதிபதி ஆகிறார். எஞ்சிய பதவிக்காலம் முழுவதும் அவருடையதே. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

ஆதியில் இந்த இரட்டைச் சீட்டு முறை அங்கும் இருந்ததில்லை. அதிக வாக்குப் பெற்றவர் ஜனாதிபதி, அடுத்து வந்தவர் உபஜனாதிபதி என்பதே முதல் ஏற்பாடு. அதன் பயனாக 1796இல் ஜான் ஆடம்ஸ் ஜனாதிபதியானார். அவரை எதிர்த்து நின்ற ஜெபர்சன் அவருக்கே உபஜனாதிபதியானார்! 1800இல் நிலைமை இன்னும் விபரீதமாயிற்று. ஜெபர்சனும், அவர் கட்சியினர் உபஜனாதிபதியாக எண்ணியிருந்த ஆரன் பர் என்பவரும் ஆளுக்கு 73 வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றனர். பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்த பின்னரே ஜெபர்சன் ஜனாதிபதியாக முடிந்தது. அதன்பின் 1804இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, இரு பதவிகளுக்கும் தனித்தனியே வாக்களிக்கும்படி தேர்வாளர்களுக்கு விதி செய்தனர். நாளடைவில் கட்சிகள் இருவரையும் இணைத்தே மக்கள் முன் நிறுத்தலாயின.

தேர்வாளர் என்றேனே, அவர்கள் யார்? ஒவ்வொரு மாநிலத்திற்கும் அதன் மக்கள் தொகையை ஒட்டி இத்தனை தேர்வாளர் என்று கணக்குண்டு. மாநிலத்தில் அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கே அம்மாநிலத்துத் தேர்வாளர் அனைவரும் சேர்வர். இரண்டு சிறு மாநிலங்கள் மட்டும் இதற்கு விலக்கு. இன்று மொத்தம் 538 தேர்வாளர். 270 பேரைப் பெற்றவர் ஜனாதிபதி. ஆகவே, பெரிய மாநிலம் ஒன்றைத் தம் சொந்த ஊராகக் கொண்டவரைத் துணையாக நிறுத்தினால் அம்மாநிலம் அப்படியே கைக்கு வந்துவிடும் என்று கட்சித் தலைவர்கள் கணக்கிடுவது இயல்பே. இந்தக் கணக்கிற்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது 1960ஆம் ஆண்டுத் தேர்தலை.

அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் சார்பில் நின்றவர் ஜான் கென்னடி. வயது 43. வடகிழக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தவர், செல்வக் குடும்பத்தினர், கத்தோலிக்கர். அதுவரை கத்தோலிக்கர் எவரும் அந்நாட்டு ஜனாதிபதியானதில்லை. புராட்டஸ்டண்டுகள் மிகுந்த தென் மாநிலங்கள் அவரை ஐயத்தோடு நோக்கின. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கூடிய கட்சி மாநாட்டில் அவரை எதிர்த்து நின்றவர் டெக்சாஸ்காரரான லிண்டன் ஜான்சன். செனட் சபையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். ஆளையே அசைத்துவிடும் பேச்சுவன்மை உடையவர். மாநாட்டில் கென்னடிக்கு 806 வாக்குகள், ஜான்சனுக்கு 409. தோற்ற அந்தப் போட்டியாளரையே கென்னடி துணையாக அழைத்தார். கென்னடியின் தம்பி ராபர்ட்டுக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர்கள் முணுமுணுத்தனர். வடபகுதி முற்போக்காளர்கள் முகஞ்சுளித்தனர். கென்னடி பின்வாங்கவில்லை.

ஜான்சன் தனி ரயில் ஒன்றில் ஏறித் தென் மாநிலங்களைச் சுற்றி வந்தார். சிற்றூர் நிலையங்களிலும் வண்டியை நிறுத்தி, கடைசிப் பெட்டியின் மேடையில் நின்று, அந்த ஊர்க்காரர்களின் பேச்சு வழக்கிலேயே பேசினார். தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது டல்லாஸ் நகர ஓட்டல் ஒன்றில் எதிர்க்கட்சிக் கூட்டம் அவரையும் அவர் மனைவியாரையும் சூழ்ந்துகொண்டு வசைபாடியது. விரைந்து தப்பிச் செல்லாமல் இருவரும் அக்கூட்டத்தினூடே மெல்ல நடந்து கடந்தனர். அக்காட்சி பத்திரிகைகளில் வெளிவந்து தெற்கத்தியர் பலரைத் தலைகுனிய வைத்தது என்பார்கள். முடிவில், 1952இலும் 1956இலும் எதிர்க்கட்சியின் ஐசன்ஹோவருக்கு வாக்களித்திருந்த டெக்சாஸ், ஏறத்தாழ 46,000 வாக்கு வித்தியாசத்தில் கென்னடிக்குக் கிடைத்தது. நாடு முழுவதும் சேர்ந்து கென்னடிக்கும் நிக்சனுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒன்றே கால் லட்சத்துக்கும் குறைவு.

இதைக் கொண்டே 'ஜான்சன் டெக்சாஸைத் தந்தார். டெக்சாஸ் கென்னடிக்குப் பதவி தந்தது' என்று நான் பல்லாண்டு பாடம் நடத்தினேன். கணக்கு ஆசிரியராக இருந்த என் நண்பர் ஒருநாள் ஆசிரியர் அறையில் என்னிடம் தாள் ஒன்றை நீட்டினார். கென்னடிக்குக் கிடைத்த தேர்வாளர் 303. டெக்சாஸின் 24ஐக் கழித்தால் 279. அன்றைக்கு வேண்டியதோ 269 தான். டெக்சாஸ் போயிருந்தாலும் கென்னடி வென்றிருப்பார் அல்லவா? நான் விழித்தேன். வட, தென் கரோலினா மாநிலங்கள் இரண்டும் டெக்சாஸோடு சேர்ந்து போயிருந்தால்தான் எண்ணிக்கை 257 ஆகக் குறைந்திருக்கும். ஆகவே தென்பகுதி முழுவதையும் எண்ணிப் பார்த்தால் ஜான்சனின் பங்கு உண்டு என்று சொல்லலாம். ஒரு மாநிலத்தை வைத்துச் சொல்ல இயலாது. சரித்திர ஆசிரியர்கள் கூட்டல் கழித்தலையும் மறவாதிருப்பது நல்லது.

இனி 1988க்கு வருகிறேன். ஜனநாயகக் கட்சி அவ்வாண்டு நிறுத்தியவர் மைக்கேல் டுகாகிஸ். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கவர்னர். அவர் துணையாகத் தேர்ந்தவர் டெக்சாஸ் செனட்டர் லாயிட் பென்ட்சன். மீண்டும் மாசசூசெட்ஸும் டெக்சாஸும்! 1960இன் கதையைத் திரும்ப நடத்திக் காட்டுவதே அவர்கள் எண்ணம். அதை அவர்கள் மறைக்கவுமில்லை. எதிரே நின்ற ஜார்ஜ் புஷ்ஷும் டெக்சாஸைத் தம் ஊராகக் கொண்டவர்தான். ஆயினும் 1970இல் அதே டெக்சாஸில் செனட் தேர்தலில் அவரைத் தோற்கடித்தவர் இதே பென்ட்சன். புஷ் தேர்ந்த துணையோ 41 வயதான டான் குவேல்; நாடு அதிகம் அறியாதவர். அக்டோபர் 5ஆம் தேதி ஓமஹா நகரில் இரு துணை வேட்பாளர்களும் நேருக்கு நேர் வாதிட்டனர். தம் அனுபவம் கென்னடி ஜனாதிபதியாக முயன்றபோது அவருக்கிருந்த அனுபவத்திற்குக் குறைந்ததன்று என்ற கருத்தில் குவேல் பேசினார். பென்ட்சன் அமைதியாக, தாம் கென்னடியுடன் பணியாற்றியவர் என்றும், அவர் தம் நண்பர் என்றும், குவேல் ஒருபோதும் கென்னடி ஆகார் என்றும் விடையிறுத்தார். அரங்கம் அதிர்ந்தது. அச்செய்தியைப் படித்த உற்சாகத்தில்தான் நான் கரும்பலகையில் அவ்வரியை எழுதினேன். மாணவர்களும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

நவம்பரில் முடிவு வந்தது. புஷ்ஷுக்கு 40 மாநிலங்கள்; 426 தேர்வாளர். டெக்சாஸும் அவருக்கே, அதுவும் மிகப்பெரும் வித்தியாசத்தில். முன்வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அப்படியானால் டெக்சாஸ்காரர்களுக்குப் பென்ட்சனைப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டாள். "பிடிக்கவில்லை போலும்" என்றேன். அதுவும் தவறு! டெக்சாஸ் மாநிலச் சட்டப்படி ஒருவர் உபஜனாதிபதி பதவிக்கும் செனட் பதவிக்கும் ஒரே நேரத்தில் போட்டியிடலாம். 1960இல் ஜான்சன் அவ்வாறே நின்றார். 1988இல் பென்ட்சனும் நின்றார். டெக்சாஸ் வாக்காளர் அவரைப் பெருவாரியான வாக்குகளால் மீண்டும் செனட்டராக்கினர். அதாவது, ஒரே நாளில், ஒரே சாவடியில், ஒரே கையால் 'பென்ட்சன் வேண்டும்' என்றும் 'டுகாகிஸ் வேண்டா' என்றும் லட்சக்கணக்கானோர் வாக்களித்திருக்கின்றனர். இதை நான் அறிந்தபோது அந்த மாணவி பள்ளியை விட்டுச் சென்று சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவளிடம் திருத்திச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. இப்பேச்சை அவள் கேட்டால் மகிழ்வேன்.

டெக்சாஸ் வாக்காளர் செய்ததில் முரண்பாடு ஏதும் இல்லை. அவர்கள் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கச் சென்றவர்கள். துணைவரை அவர்கள் விரும்பலாம், மதிக்கலாம், அவருடைய பேச்சுக்குக் கைதட்டலாம். ஆனால் நான்கு ஆண்டு நாட்டை நடத்தப் போகிறவர் யார் என்று எண்ணும்போது அவர்கள் கண் தலைவர்மீதே நின்றது. டிவைன், காப்கோ என்னும் இரு அமெரிக்க அரசியல் அறிஞர்கள் இதைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதியிருக்கின்றனர். இரண்டாவது 2020இல் வெளிவந்தது. பல தேர்தல்களின் வாக்குகளையும் கருத்துக் கணிப்புகளையும் ஆராய்ந்து அவர்கள் கண்டது இது: துணைவரின் சொந்த மாநிலத்தில் அவரால் கிடைக்கும் கூடுதல் வாக்கு, சராசரியாகப் பார்த்தால், இல்லையென்றே சொல்லத்தக்கது. 2004இல் ஜான் எட்வர்ட்ஸ் நின்றும் வட கரோலினா வரவில்லை. 2012இல் பால் ரையன் நின்றும் விஸ்கான்ஸின் வரவில்லை.

அப்படியானால் துணைவரால் வாக்காளர் மனத்தில் மாற்றமே இல்லையா? உண்டு, ஆனால் அது வேறு வழியாக வருகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஜனாதிபதி வேட்பாளர் எப்படி நாட்டை நடத்துவார் என்பதைத் தேர்தலுக்கு முன் எவரும் பார்க்க முடியாது. அவர் பேச்சைக் கேட்கலாம். ஆனால் பேச்சு செயலாகாது. எல்லோரும் காண, தம் பொறுப்பில், திரும்பப் பெற இயலாதபடி அவர் செய்யும் முதற்பெருஞ் செயல் துணைவரைத் தேர்ந்தெடுப்பதே. வாக்காளர் அந்த ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்க்கிறார்.

1972இல் நடந்தது இதற்கு வருந்தத்தக்க சான்று. ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் மக்கவர்ன், மாநாட்டின் அவசரத்தில், மிஸௌரி மாநிலச் செனட்டர் தாமஸ் ஈகிள்டன் என்பவரைத் துணையாக அறிவித்தார். தீர விசாரிக்க நேரமில்லை. சில நாட்களில், ஈகிள்டன் மனச்சோர்வு நோய்க்காக மும்முறை மருத்துவமனையில் தங்கியதும், மின் அதிர்ச்சிச் சிகிச்சை பெற்றதும் வெளியாயின. தாம் அவரை நூற்றுக்கு ஆயிரம் பங்கு ஆதரிப்பதாக மக்கவர்ன் கூறினார். கூறிய சில நாட்களுக்குள் அவரை விலகச் செய்து, ஷ்ரைவர் என்பவரை நிறுத்தினார். ஈகிள்டன் வேட்பாளராக இருந்தது 18 நாட்களே. தேர்தலில் மக்கவர்னுக்குக் கிடைத்தது ஒரே மாநிலமும் தலைநகரமும். ஈகிள்டன் இருந்திருந்தாலும் அவர் தோற்றிருப்பார், அதில் ஐயமில்லை. ஆனால் விசாரியாமல் எடுத்தவர், எடுத்தபின் உறுதி சொன்னவர், சொன்னபின் கைவிட்டவர் என்ற எண்ணம் அவரைப் பற்றி நிலைத்துவிட்டது. நோயுற்று மீண்ட ஒருவரை அந்நாடு அன்று நடத்திய விதம் எனக்கு இன்றும் உவப்பாயில்லை. மிஸௌரி மக்கள் 1974இலும் 1980இலும் ஈகிள்டனையே செனட்டுக்கு அனுப்பினர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் நோயாளியைத் தண்டிக்கவில்லை.

2008இல் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன் அலாஸ்கா கவர்னர் சாரா பேலின் அம்மையாரைத் துணையாக அறிவித்தார். அறிவித்த ஆகஸ்டு 29ஆம் நாளே மெக்கெய்னுக்கு 72 வயது நிறைந்தது. பேலினுக்கு 44, கவர்னராகி இரண்டாண்டுகூட முடியவில்லை. முதலில் கட்சித் தொண்டர்கள் பேருவகை அடைந்தனர். அவர் பேசிய இடமெல்லாம் கூட்டம் அலைமோதியது. பிறகு தொலைக்காட்சிப் பேட்டிகளில் அவர் தடுமாறினார். ஒபாமாவுக்கு அனுபவம் போதாது என்று அதுவரை சொல்லி வந்த மெக்கெய்ன், அனுபவம் குறைந்த ஒருவரைத் தமக்கு அடுத்த இடத்தில் வைத்தது ஏன் என்று நடுநிலையாளர் கேட்கலாயினர். அதே செப்டம்பரில் பெரிய வங்கிகள் சரிந்தன. ஆகவே தோல்வியின் பழி முழுவதையும் அம்மையார்மீது சுமத்துவது நியாயமாகாது. ஒபாமா தேர்ந்தவர் 1973 முதல் செனட்டில் இருந்த ஜோ பைடன். அந்த இளைஞர் தமக்கு எது குறை என்பதை அறிந்திருக்கிறார் என்று வாக்காளர் எண்ண அது இடமளித்தது.

அதே பைடன் 2020இல் தம் துணையாகக் கமலா ஹாரிஸைத் தேர்ந்தபோது நம் நாட்டிலும் ஆரவாரம் எழுந்தது. அவருடைய தாயார் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர். 1958இல் உயர்கல்விக்காகக் கலிபோர்னியா சென்றவர். துளசேந்திரபுரம் என்னும் சிற்றூர் அவர் தாத்தாவின் பூர்விகம். அங்கே சுவரொட்டிகள் ஒட்டினர், கோயிலில் பூசை செய்தனர். வேட்பாளராக ஏற்றுப் பேசிய உரையில் கமலா ஹாரிஸ் 'சித்தி' என்ற சொல்லை அப்படியே தமிழில் சொன்னார். எனக்கும் மெய்சிலிர்த்தது, மறைக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் என்னை நானே கேட்டுக்கொண்டேன்: இதனால் எத்தனை வாக்கு? அந்நாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருள் பெரும்பாலோர் அதற்கு முன்பே ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்து வந்தவர்கள். மகிழ்ந்தவர் வேறு, மனம் மாறியவர் வேறு. 2024இல் பைடன் விலகிக்கொள்ள, கமலா ஹாரிஸே ஜனாதிபதி பதவிக்கு நின்றபோது, மின்னசோட்டா கவர்னர் டிம் வால்ஸைத் துணையாகத் தேர்ந்தார். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதால் என் போன்றோருக்குத் தனி அபிமானம். மின்னசோட்டா கிடைத்தது, ஆனால் அது 1976 முதல் ஒவ்வொரு முறையும் அக்கட்சிக்கே கிடைத்து வரும் மாநிலம். பக்கத்து விஸ்கான்ஸின் கிடைக்கவில்லை. டிரம்ப் 312 தேர்வாளருடன் வென்றார்.

வாக்குக் கணக்கில் இத்துணைச் சிறிய இடம் பெறும் இந்தப் பதவியை வாக்காளர் இலேசாக எண்ணிவிடலாமா? அந்நாட்டு வரலாற்றில் இதுவரை ஒன்பது உபஜனாதிபதிகள் இடையிலேயே ஜனாதிபதி ஆகியிருக்கின்றனர்; எண்மர் மரணத்தால், ஒருவர் முன்னவரின் ராஜிநாமாவால். அந்த ஒருவரான ஜெரால்டு ஃபோர்டு, துணைவராகக்கூட மக்கள் முன் நின்றவரல்லர்! 1944இல் ரூஸ்வெல்ட்டுக்கு வாக்களித்தவர்கள் ஹாரி ட்ரூமனையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தனர். ரூஸ்வெல்ட்டின் உடல்நிலை எவ்வளவு சீர்கெட்டிருந்தது என்பதை அவர்கள் அறியார். பதவியேற்ற 82ஆம் நாள், 1945 ஏப்ரல் 12 அன்று, ட்ரூமன் ஜனாதிபதியானார். அணுகுண்டு தயாராகி வருவதை அதன்பிறகே அவருக்குச் சொன்னார்கள். நான்கு மாதங்களுக்குள் அதைப் பயன்படுத்தும் முடிவு அவர் கையில் இருந்தது. 1944 நவம்பரில் எந்த வாக்காளர் இதை எண்ணி வாக்களித்திருப்பார்?

மறுபடியும் ஜான்சனிடமே வருகிறேன். தென் மாநில வாக்குகளுக்காகச் சேர்க்கப்பட்டவர் அவர். 1963 நவம்பர் 22ஆம் நாள் அதே டல்லாஸ் நகரில் கென்னடி சுடப்பட்டு இறந்தார். அங்கு நின்றிருந்த விமானத்திற்குள்ளேயே ஜான்சன் பதவிப் பிரமாணம் செய்துகொண்டார். தெற்கத்தியர் ஒருவர் வந்துவிட்டார், இனி நீக்ரோ மக்களின் உரிமைச் சட்டம் மெல்லக் கிடப்பில் விழும் என்று தென்பகுதியில் எதிர்பார்த்தவர்கள் பலர். அக்காலத்தில் நூல்களில் வழங்கிய பெயரால் சொன்னேன். இன்று அவர்களைக் கறுப்பின மக்கள் என்கிறோம். கென்னடியால் நிறைவேற்ற முடியாதிருந்த அச்சட்டத்தை ஜான்சன், செனட்டில் தமக்கிருந்த பழக்கத்தையெல்லாம் பயன்படுத்தி நிறைவேற்றி, 1964 ஜூலை 2 அன்று கையெழுத்திட்டார். அவ்வாண்டு நவம்பரில் அவர் நாடு முழுவதும் மாபெரும் வெற்றி பெற்றார். 1960இல் அவர் ரயிலில் சென்று கென்னடிக்காக வாக்குக் கேட்ட தென்பகுதியில் மட்டும் ஐந்து மாநிலங்கள் அவரைக் கைவிட்டன. தென் கரோலினா, லூயிசியானா, ஜார்ஜியா மூன்றும் அவற்றுள் அடக்கம். அவை நான்கு ஆண்டுகளுக்கு முன் கென்னடிக்கும் ஜான்சனுக்கும் சேர்த்து வாக்களித்தவை. ஜார்ஜியா குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தது அதன் வரலாற்றில் அதுவே முதல் முறை.